மூன்றாவது சீல்

கேரண்டி என்ற வார்த்தையை முதலில் சொன்னவன் எவனோ, அவன் அன்றைக்கு அந்த மெக்கானிக் ஷெட்டுப் பக்கம் வந்திருந்தால் வெட்கத்தில் நாண்டுகொண்டு செத்திருப்பான். அங்கே மெக்கானிக்குக்குப் பெயரே கேரண்டிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவன் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும். நட்டை முடுக்கினால் கேரண்டி, பஞ்சர் பார்த்தால் கேரண்டி. மழை வருமா என்று கேட்டால்கூட "வராதுண்ணே, கேரண்டி" என்பான். பத்து நிமிடத்தில் கொட்டும். அப்படிப்பட்ட மகானுபாவன் ஒரே லாரிக்கு ஒரே ஆயில் சீலை இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை மாற்றினான். இரண்டு தடவையும் கேரண்டி கொடுத்தான். இரண்டு தடவையும் நாலாம் நாளே எண்ணெய் ஒழுகியது. இப்போது மூன்றாவது தடவையாக அதே லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

அவன் கால்மாட்டில், கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாவின் மேல் லாரியின் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தாள். லாரி ஸ்டாண்டில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மிளகாய். அது அவளுக்கும் தெரியும். "தெரிஞ்சா என்ன? வெல்லம்னு பேர் வச்சா ஈ மொய்க்கும்" என்பாள்.

பதினைந்து வருடம் முன்னறையில் தையல் மெஷினை மிதித்து, ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தலையணை உறையுமாகத் தைத்துத் தள்ளி, அதில் சேர்ந்ததை வைத்து வாங்கிய பழைய டீசல் லாரி அது. ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர். ஓட்டுவது அவள் புருஷன். ஆள் கதவு உயரம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மாடு குறுக்கே வந்தாலும் பதற மாட்டான். வாய்தான் இல்லை. சரியான கல்லுளிமங்கன். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு "ம்" வரும், அதுவும் பாதியில் நின்றுவிடும். மீதி ஒன்பதுக்கும் சேர்த்து அவளே பதில் சொல்லிக்கொள்வாள்.

"இன்னிக்கு நான் இங்கேர்ந்து நகர்றதா இல்ல. நீ எதை எங்க சொருகுறேன்னு ரெண்டு கண்ணாலயும் பாக்கணும்," என்றாள் மிளகாய், லாரிக்கு அடியில் தெரிந்த கால்களைப் பார்த்து.

"பாருங்கக்கா, தாராளமா பாருங்க. இந்தத் தடவ கேரண்டி," என்றது உள்ளிருந்து குரல்.

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னே, ஸ்பானராலயே உன் பல்லக் கழட்டிடுவேன். அதுக்கு நான் தர்றேன் கேரண்டி."

அவளுடைய அவசரம் அவளுக்கு. லாரிக்கு நிரந்தரச் சவாரி என்று இருந்தது மாவு மில் ஒன்றுதான். அங்கே மூட்டை ஏற்றும் கொட்டகைக்குப் புதிதாக வழவழவென்று தரை போட்டிருந்தார்கள். எவனோ ஒருவனுடைய லாரி சொட்டிய எண்ணெயில் மூட்டைக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு சட்டம். கேட்டிலேயே லாரியை நிறுத்தி, இஞ்சினுக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, இஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விடுவார்கள். ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் நோட்டில் சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் உள்ளே விடுகிற பாஸைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த லாரி அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான். மிளகாயின் லாரிக்கு இரண்டு கோடு ஆகிவிட்டது. அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் மறுபடி அட்டை. பாஸ் போனால் இத்தனை வயதான லாரியை வேறு எவன் கூப்பிடுவான்? காயலான் கடைக்காரன்தான் கூப்பிடுவான். புருஷன் எவனோ ஒருவனுடைய வண்டிக்குச் சம்பள டிரைவராகப் போவான், அவள் மறுபடி மெஷினை மிதிப்பாள். முட்டி தேய்ந்துபோன பிறகு மறுபடி முதலிலிருந்தா என்று நினைக்கும்போதே அவளுக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தால் அவளுக்கு வாய் திறந்துகொள்ளும்.

கெட்ட நேரத்துக்குக் கொழுந்தனும் வந்து சேர்ந்தார். புருஷனின் தம்பி. செருப்புக் கடையில் வேலை. ஓட்டிய வண்டி சைக்கிள் ஒன்றுதான், ஆனால் உலகத்தில் உள்ள அத்தனை இஞ்சினைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருப்பவர். இஸ்திரி போட்ட சட்டையில் கறை படாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அண்ணி, நான் அன்னிக்கே சொன்னேன். கிராங்கே தேஞ்சு போச்சு. சீல மாத்தி என்ன பிரயோஜனம்? பேசாம இஞ்சின மாத்திடுங்க. இல்லன்னா வண்டியையே தள்ளி விட்ருங்க."

"ஏன் தம்பி, செருப்பு பிஞ்சு வர்றவங்ககிட்டயும் இப்படித்தான் சொல்லுவீங்களா, கால மாத்துங்கன்னு?"

கேரண்டி லாரிக்கு அடியில் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"நீ என்னடா சிரிக்கிற? உன் லட்சணம் அவருக்கு மேல. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு ரெண்டு பேரையும் சேத்துத்தான் கேக்கணும்," என்றாள்.

புருஷன், கியர்பாக்ஸை இறக்கக் கப்பியில் மாட்டியிருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கத்தைவிடவும் பேச்சு குறைந்திருந்தது, ஆனால் இல்லாத பேச்சு குறைந்ததை எவர் கவனிக்கப் போகிறார்கள்?

ஆயில் சீல் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் வளையம். இஞ்சினின் பின்பக்கம் கிராங்க் தண்டு வெளியே தலை நீட்டும் இடத்தில் கவ்விக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் எண்ணெய் உள்ளேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். ஆனால் அதைக் கண்ணால் பார்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும், ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். மூக்குத்தித் திருகாணி விழுந்ததற்கு வீட்டுச் சுவரை இடிக்கிற வேலைதான். புருஷன் சங்கிலியை விட விட, கேரண்டி ஜாக்கியை நகர்த்த நகர்த்த, கியர்பாக்ஸ் முனகிக்கொண்டே கீழே வந்தது. அதற்குள் மணி பதினொன்று. கிளட்ச் தட்டு எண்ணெயில் ஊறி, பொரித்தெடுத்ததுபோல் மினுங்கியது. கொழுந்தன் எட்டிப் பார்த்து, "நெனச்சேன்" என்றார். எதை நினைத்தார் என்று அவருக்கே தெரியாது.

ஃப்ளைவீலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்த பிறகு கேரண்டி டார்ச் அடித்துப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். எண்ணெய்க் கையாலேயே சொறிந்தான்.

"என்ன, சாமியப் பாத்தியா? நகரு," என்று மிளகாய் எழுந்து வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் கிடந்த சாக்கின் மேல் முழங்காலிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுத்த பெரிய வட்டத்தின் நடுவில் தண்டு. தண்டைச் சுற்றி வளையம். வளையம் தன் குழியில் இல்லை. ஒரு பக்கம் நகத்தளவு, மறுபக்கம் விரலளவு வெளியே நகர்ந்து, விழப்போகிற கம்மல்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது டூப்ளிகேட் சீலுக்கா. கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றான் கேரண்டி.

"போன தடவையும் டூப்ளிகேட்டுன்னே. அதுக்கு முந்துன தடவையும் டூப்ளிகேட்டுன்னே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எங்க, அதக் கழட்டிக் குடு."

கொடுத்தான். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியின் ஓரம் பிரிந்திருக்கிறதா, இழுத்துக் கிழித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். வளையத்தின் உதட்டில் ஒரு கீறல் இல்லை, தேய்மானம் இல்லை. கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"கிழியலையேடா இது! புதுசாட்டம் இருக்கு. கிழியாம எப்படி ஒழுகும்? உள்ளேர்ந்து எதுவோ இதப் புடிச்சு வெளிய தள்ளியிருக்கு."

"உள்ள என்னக்கா இருக்கு தள்றதுக்கு? எண்ணெய்தான் இருக்கு."

"குக்கர்லயும் தண்ணிதான் இருக்கு. வெயிட்டுல சோத்துப் பருக்கை அடைச்சுக்கிட்டா என்னாவும்? மூடி ரப்பரப் பிதுக்கிட்டு அடிக்கும்ல? இந்த இஞ்சினுக்குள்ள ஆவி கீவி எதுவும் வராதா? வந்தா எந்த வழியாப் போவும்?"

கேரண்டியின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல ஓடியது. "அதுக்கு பிரீதர் பைப் இருக்குக்கா. இஞ்சின் மூச்சு விடுற குழாய். பழைய இஞ்சின்னா புகை நிறைய வரும், அது வழியாத்தான் வெளிய..." என்று இழுத்தவன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, இன்னொண்ணு. எண்ணெய் அளவு பாக்குற குச்சி இருக்குல்ல, அது தானா எழும்பி எழும்பி வந்துட்டே இருந்துச்சு. போன மாசம் நான்தான் கம்பி போட்டுக் கட்டி வச்சேன்," என்றான்.

"கட்டி வச்சியா?"

"விழுந்துடக் கூடாதேன்னு..."

"அடப் பாவி! வாந்தி வருதுன்னு வந்தவன் வாய்ல பிளாஸ்திரி போட்டு அனுப்புற ஆளுடா நீ! அது ஏன் எழும்புதுன்னு யோசிக்கிறதுக்கு உனக்கு எத்தனை தலை வேணும்? போ, போய் அந்தக் குழாயப் பாரு."

கேரண்டி இஞ்சினின் பக்கவாட்டில் தலையை விட்டான். கீழ்நோக்கி வளைந்து வரும் ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனான். குழாயின் வாய், வெளியே தெரியாதபடி சேசிஸ் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அங்கே கையை விட்டுத் துழாவியவன், "அக்கோவ்!" என்று கத்தினான். இழுத்தான், வரவில்லை. இடுக்கியால் பிடித்து முறுக்கி இழுத்தான். கார்க்கைப் பிடுங்கியதுபோல் சத்தத்தோடு ஒரு மரக்கட்டை வெளியே வந்தது. அளவாகச் சீவி, துணி சுற்றி, ஆணி அடிக்கிற கெட்டிப்போடு அடித்து இறக்கியிருந்த கட்டை.

மிளகாய்க்கு வந்ததே கோபம்! இரண்டு மாதம், மூன்று தடவை கியர்பாக்ஸ் இறக்கம், இரண்டு சிவப்புக் கோடு, தூக்கமில்லாத இரவுகள் எல்லாவற்றுக்கும் காரணம் கட்டை விரல் தண்டிக் கட்டை ஒன்று. கட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் ஆரம்பித்தாள்.

"எந்த அறிவுக்கொழுந்துய்யா இதச் செஞ்சது? மூக்கையும் வாயையும் பொத்திவிட்டுட்டு ஏன் மூச்சுத் திணறுதுன்னு கேக்குற ஜென்மம்! அவனுக்கெல்லாம் தலைன்னு ஒண்ணு எதுக்கு? சட்டை நழுவிடாம இருக்கவா? மாட்டுக்குக்கூடத் தெரியுமேய்யா, உள்ள போனது வெளிய வரணும்னு! அளவு பாத்துச் சீவியிருக்கான் பாரு, ஆசாரி வேலை! புத்தி முழுக்கக் கையில இறங்கிடுச்சு, மேல காலி. யாருடா? டயர்க் கடைக்காரனா? லாரி கழுவுற தடியனா? கேரண்டி, உண்மையச் சொல்லு, நீயா?"

"சத்தியமா நான் இல்லக்கா!"

"நீயா இருக்காது. இவ்வளவு சுத்தமா ஒரு வேலையும் நீ செஞ்சதில்ல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவன் எவனா வேணா இருக்கட்டும். அவனக்கூட விடு. அவன் பொண்டாட்டிய நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. இப்படி ஒரு மரமண்டையக் கட்டிக்கிட்டு அவ எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ! அவளக் கூப்பிட்டு வச்சு ஒரு நாள் விசாரிக்கணும்."

கொழுந்தன் இஸ்திரிச் சட்டை கசங்கச் சிரித்தார். கேரண்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பழி தன் தலையில் இல்லை என்று தெரிந்தபின் மனிதனுக்கு எவ்வளவு சிரிப்பு வருகிறது!

பேசிக்கொண்டே மிளகாய் கட்டையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். எண்ணெயில் கறுத்துப் போயிருந்தது. உள்மடிப்பில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சம் இருந்தது. நீலத்தில் சின்னச் சின்னக் கட்டம். ஓரத்தில் இரட்டைத் தையல். நீலத் துணிக்கு மஞ்சள் நூலில் தையல். வீட்டுத் தலையணைக்குத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று, பாபினில் மிச்சம் கிடந்த மஞ்சள் நூலை வீணாக்காமல் அவளே ஓட்டிய தையல். ஒவ்வொரு முனையிலும் மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போடுவது அவள் பழக்கம். அந்த முடிச்சும் இருந்தது.

அவள் வாய் நின்றது. இரண்டு ஆண்களும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்," என்றான் புருஷன்.

சங்கிலியை விடாமலே சொன்னான். அதற்குள் கொழுந்தனின் சிரிப்பும் அடங்கிவிட்டது.

"நீங்களா? எப்போ?" என்றாள் மிளகாய்.

"ரெண்டு மாசம் ஆச்சு. அந்தக் குழாயிலேர்ந்து எப்பவும் ரெண்டு சொட்டு விழும். பழைய இஞ்சின், விழத்தான் செய்யும். நீ வாசல்ல கறையப் பாத்துட்டு அன்னிக்குத் தெருவே கூடுற மாதிரி கத்துனே. இனி ஒரு சொட்டு விழுந்தா லாரியிலயே படுத்துக்குங்க, உள்ள கால வைக்காதீங்கன்னு சொன்னே. நாலு நாள் லாரியிலதான் படுத்தேன். அஞ்சாம் நாள் அடைச்சுட்டேன்."

அவளுக்கு நினைவு வந்தது. வாசல் திடீரென்று சுத்தமாகிப்போன வாரம். அடுத்த வீட்டுக்காரியிடம் அவள் பீற்றிக்கொண்டதும் நினைவு வந்தது: "நான் போட்ட போட்டுல மனுஷன் மட்டுமில்ல, இஞ்சினே திருந்திடுச்சு!"

"சரி, அடைச்சீங்க. சீல் போனதும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"மொதல் தடவ எனக்கே தோணல. ரெண்டாந்தடவ லேசா சந்தேகம் வந்துச்சு."

"சந்தேகம் வந்துச்சுல்ல? பாஸ் போவப் போவுதுன்னும் தெரியும்ல? லாரியே போயிடும்னு தெரியும்ல? அப்பக்கூடவா வாயத் தொறக்கக் கூடாது?"

அவன் சங்கிலியை விட்டான். அப்புறம் அவர்களுடைய இருபது வருடக் குடித்தனத்தில் பேசாத அளவுக்குப் பேசினான்.

"பாஸ் போனாப் போவட்டும்னு இருந்துட்டேன். பாஸ் போனா மெக்கானிக்கத் திட்டுவே, மில்லுக்காரனத் திட்டுவே, என்னையும் ஒரு வாரம் திட்டுவே. அதோட முடிஞ்சுடும். இதச் சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே. என்னால முடியாதும்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது, நடக்க முடியாது என்று ஒருவன் சொல்வானே, அப்படிச் சொன்னான். கொழுந்தன் தன் செருப்பை ஆராய்ந்தார். கேரண்டி, செய்ய அங்கே வேலை எதுவும் இல்லாவிட்டாலும், ஊர்ந்து லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மிளகாய் கிரீஸ் டப்பாவில் போய் உட்கார்ந்தாள். கையில் அந்தத் துணி. சற்று முன் தான் பாவப்பட்ட அந்தப் பெண்டாட்டியை அவள் நினைத்துப் பார்த்தாள். பதினைந்து வருடம் உழைத்து வாங்கியதைத் தொலைக்கக்கூட இந்த மனுஷன் தயாராக இருந்திருக்கிறான், பெண்டாட்டி வாயில் விழ மட்டும் தயாராக இல்லை. அழுகை வந்தது, ஆனால் இரண்டு அசடுகளுக்கு முன்னால் அழுவதாவது! மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சீல எடுத்து மாட்டு, நேரமாச்சு," என்று மட்டும் சொன்னாள்.

கேரண்டி மாட்டினான். குறை சொல்லக் கூடாது, அன்றைக்கு ஒழுங்காகவே மாட்டினான். தண்டைத் துடைத்தான். பழைய சீல் உரசி உரசி விழுந்த கோட்டில் புதுசு உட்கார்ந்துவிடாதபடி ஒரு நூல் தள்ளி இடம் பார்த்தான். சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, கட்டை வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்கினான். முடித்ததும் வாயில் ஒரு வார்த்தை வந்தது. மிளகாயைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான். குச்சியைக் கட்டியிருந்த கம்பியையும் அறுத்துப் போட்டான்.

"குழாய் இனிமே சொட்டுமே. மில்லுல அட்டையில விழுமே அண்ணி?" என்றார் கொழுந்தன். ஆயுளில் முதல் தடவையாக உருப்படியாக ஒரு கேள்வி.

புருஷன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு எண்ணெய் டப்பாவ சேசிஸ்ல கட்டி, குழாய அதுக்குள்ள விட்டுடலாம். மேல நாலு ஓட்டை போட்டா புகை போயிடும், எண்ணெய் டப்பாவுல தங்கிடும். அப்பவே தோணுச்சு. லாரிக்குத் தொட்டில் கட்டுறீங்களா, என்ன கொழந்தை பொறந்திருக்குன்னு கேப்பியேன்னு விட்டுட்டேன்."

அப்படியேதான் கேட்டிருப்பாள். வார்த்தைகூட மாறாமல். அது அவளுக்கே தெரிந்ததால், "கட்டுங்க," என்றாள்.

கியர்பாக்ஸை ஏற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லாரியை நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். அடிப்பக்கம் காய்ந்த கருவாடுபோல் இருந்தது, ஒரு ஈரம் இல்லை. டப்பாவில் மட்டும் விரல் நுனி நனைகிற அளவு எண்ணெய். நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? புருஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், அவள் திட்டவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தான், திட்டவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான், எடுத்துக் கொடியில் போட்டாள். "உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று கேட்டான். இல்லை என்றாள். அவளுக்கும் ஏதோ சொல்ல வேண்டும் என்று தொண்டை வரை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இத்தனை வருடமாகக் கைவசம் வைத்திருந்த வார்த்தை அத்தனையும் காரம். சாதுவாகச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. ஊருக்கே வார்த்தை சப்ளை செய்கிறவளுக்கு இந்தக் கதி!

திங்கட்கிழமை காலை அவளும் லாரியில் ஏறிக்கொண்டாள். மில் வாசலில் வரிசை நின்றது. கேட்டுக்காரர் நோட்டைப் பிரித்தார். மீசையை விட மூக்கு கொஞ்சம் பெரிய மனிதர். அட்டை விரிக்கும் வேலையை நீதிபதி வேலையாக நினைப்பவர்.

"ரெண்டு கோடு. இன்னிக்கு விழுந்தா கிழிச்சிடுவேன், அப்புறம் என்ன வந்து கெஞ்சக் கூடாது," என்று சொல்லிவிட்டு வெள்ளை அட்டையை இஞ்சினுக்கு அடியில் தள்ளினார்.

இஞ்சின் ஓடியது. ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் டப் என்று ஒரு சொட்டு விழுந்தது.

மிளகாய்க்கு உயிரே போய்விட்டது. புருஷன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டான். கேட்டுக்காரர் மெதுவாகக் குனிந்து, சொட்டை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். மூக்கு பெரியதாக இருந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

"தண்ணி," என்றார். விடியற்காலையில் லாரியின் அடிப்பக்கத்தைப் புருஷன் கழுவியிருந்தான். எங்கோ தங்கிய நீர் இறங்கியிருந்தது. மீதி மூன்று நிமிடமும் அட்டை வெள்ளையாகவே இருந்தது.

"பாஸாயிடுச்சு. ரெண்டு கோடு விழுந்த வண்டிங்கிறதால என்ன கோளாறு, எதனால வந்துச்சுன்னு இதுல எழுதணும். ஓனர் கையெழுத்துப் போடணும். சொல்லுங்க, என்ன கோளாறு?"

புருஷன் அவசரமாகக் கீழே இறங்கினான். "ஆயில் சீல் சார். டூப்ளிகேட் சீலு. மெக்கானிக் ஏமாத்திட்டான்."

கேட்டுக்காரர் பேனாவை எடுத்தார். மிளகாய் இறங்கி வந்து நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"எழுதாதீங்க சார், அது பொய்." புருஷனிடம் திரும்பினாள். "இன்னும் எதுக்குங்க மறைக்கிறீங்க? உள்ளதச் சொல்லுங்க."

"எதுக்கும்மா, இத்தனை பேரு நிக்கிறாங்க..."

"நிக்கட்டும். சொல்லுங்க."

அவன் சொன்னான். முதலில் முணுமுணுத்தான். கேட்டுக்காரர் காதில் கையை வைத்துக்கொண்டு "என்ன?" என்று கேட்டதால் சத்தமாகவே சொல்ல வேண்டியதாகிவிட்டது. குழாயை அவனே அடைத்தான். ஏன்? வாசலில் சொட்டியது. சொட்டினால் என்ன? பெண்டாட்டி திட்டுவாள். பின்னால் நின்ற பத்து லாரியின் டிரைவர்களும் இறங்கி வந்து கேட்டார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டயரில் சாய்ந்துவிட்டான். "மிளகாய்டா! இஞ்சினுக்கே மூச்ச நிறுத்திருச்சுடா!" என்று இன்னொருவன், முதுகுக்குப் பின்னால் சொல்கிற பெயரை முகத்துக்கு நேரே கத்தினான். அவன் வழுக்கைக்கு ஒன்று, தொப்பைக்கு ஒன்று, போன மாதம் அவன் மரத்தில் மோதியதற்கு ஒன்று என்று மூன்று பதில் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றன. நின்றவை அங்கேயே நின்றன. காது மடல் சிவக்க, அத்தனை சிரிப்பையும் அவள் நின்று வாங்கிக்கொண்டாள்.

கேட்டுக்காரர் எழுதி முடித்து, ரசித்து, உரக்கப் படித்தார். "பிரீதர் குழாயை ஓட்டுநரே அடைத்துவிட்டார். காரணம், மனைவியின் வாய்க்குப் பயம். இப்படியே இருக்கட்டுமாம்மா? இல்ல, கடைசி வரிய அடிச்சிடவா?"

"அடிக்காதீங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க," என்று மிளகாய் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

புருஷன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "எதுக்கும்மா இதெல்லாம்? அந்த நோட்டு என்னிக்கும் இங்கயே இருக்கும்."

"இருக்கட்டும்," என்றாள் மிளகாய். "நானும் ஆயுசுக்கும் உங்களச் சொல்லிக் காட்டத்தான் போறேன், என் வாய் அப்படி. அப்போ நீங்களும் இதச் சொல்லிக் காட்டுங்க."